மறு: உயிர்ப்பு விழாவுக்குப் புதிதாக ஒரு வழக்கம்

ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம் சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

மக்களின் விசுவாசம் ஆழப்படும்படி உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி (ஈஸ்டர்) புதிதாக ஒரு வழக்கத்தைத் தொடங்கலாமா என்று நம் ஊர்க் கத்தோலிக்கப் பங்கின் பேரவை நம்மிடம் ஆலோசனை கேட்டிருந்தது அல்லவா, அதற்கு இதுவரை வந்த பதில்களை எல்லாம் படித்தேன். மூத்தவர்கள் சிலர் "இருக்கிறதை ஒழுங்காகச் செய்தால் போதாதா, புதுசு எதற்கு?" என்கிறார்கள். தம்பி தங்கைகளோ பெரிய திரை, ஒளி ஒலிக் காட்சி, கல்லறை பிளந்து ஆண்டவர் வெளியே வரும் நாடகம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தோடும் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

முதலில் மூத்தவர்கள். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின சனி இரவுத் திருவிழிப்பில், மெழுகுதிரி பிடித்துத் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது ஆதித் திருச்சபைக் காலத்து வழக்கம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். திருவிழிப்பு ஆதிகாலத்தது என்பது சரிதான். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு அந்த இரவில்தான் திருமுழுக்குக் கொடுத்தார்கள். ஆனால் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்ற நாம் எல்லோரும் திரியோடு எழுந்து நின்று "விட்டுவிடுகிறோம்", "நம்புகிறோம்" என்று பதில் சொல்லும் பகுதி 1951இல்தான் சேர்ந்தது. சேர்த்தவர் திருத்தந்தை 12ஆம் பயஸ். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாகத் திருவிழிப்பே சனிக்கிழமை காலையில்தான் நடந்தது. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்க, உள்ளே "இதுவே அந்த இரவு" என்று பாஸ்கா புகழுரை பாடுவார்கள். பயஸ் அதை முதலில் சோதனையாகத்தான் இரவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். 1955இல் புனித வாரம் முழுவதையும் சீரமைத்து ஆணை வந்தது, 1956 முதல் அது எல்லா இடத்திலும் நடைமுறையானது. வழிபாடு லத்தீனில் நடந்த அந்தக் காலத்திலும் இந்த வாக்குறுதிப் பகுதியை மட்டும் மக்கள் தங்கள் மொழியில் சொல்ல இடம் கொடுத்தார்கள். இந்தக் குழுவில் 1951க்கு முன் பிறந்தவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் ஆதிகாலத்தது என்று சொல்லும் வழக்கத்தைவிட உங்களுக்கு வயது அதிகம், கோபித்துக்கொள்ள வேண்டாம்!

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சொந்தங்களும் இங்கே இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வெள்ளியன்று ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை வைத்து நடக்கும் மும்மணி ஆராதனையை உங்கள் சபைக்கே உரியது என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் தொடக்கம் பெரு நாட்டு லிமா நகரில். 1687இல் அங்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு அலோன்சோ மெஸ்ஸியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கிய தியானம் அது. சிலுவைப்பாதைக்குப் பதினான்கு நிலைகள் என்று உறுதியானதும் 1731இல்தான், திருத்தந்தை 12ஆம் கிளமென்ட் காலத்தில். ஆகவே புதியது என்பதாலேயே ஒன்றைத் தள்ள வேண்டியதில்லை.

இவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஈஸ்டர் அதிகாலை ஆராதனை தொடங்கிய கதை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹுட் என்ற சிற்றூர். சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவினரான மொராவிய சபையார் குடியேறி உருவாக்கிய ஊர் அது. 1732இல் உயிர்ப்பு ஞாயிறு விடிவதற்கு முன் அந்தச் சபையின் இளைஞர்கள் சிலர் சேர்ந்து குன்றின்மேல் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். தங்களுடையவர்களைப் புதைத்த இடத்தில் நின்று உயிர்ப்புப் பாடல்களைப் பாடினார்கள். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. பிறகு மொராவிய மறைப்பணியாளர்கள் போன இடமெல்லாம் அது போனது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள சேலத்தில் 1772இல் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டங்களில் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரித் தட்டைக் கல்தான் வைப்பார்கள். மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது. ஆண்டவரின் கல்லறைக்கு மகதலா மரியா போன நேரத்தில், அவர் போன மாதிரியான இடத்துக்குப் போவது, அங்கே நின்று நம்புகிறோம் என்று சொல்வது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இது நிலைத்ததற்கு இந்த எளிமைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இனி இளையவர்களுக்கு. நாடகம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியிலேயே ஓபரம்மர்காவ் ஊர் மக்கள் 1633இல் கொள்ளைநோய்க்குத் தப்ப நேர்ந்துகொண்டு, 1634 முதல் ஆண்டவருடைய பாடுகளின் நாடகத்தை நடத்தி வருகிறார்கள். பொதுவாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. அங்கே நடிக்க வேண்டுமானால் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். காசு கொடுத்து வெளியிலிருந்து குழுவை அழைத்து வரும் காட்சிக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் பெரிய தயக்கம் வேறு இடத்தில். கல்லறை வெடித்து, புகை கிளம்பி, ஆண்டவர் எழுந்து வரும் அந்தக் காட்சி எந்த நற்செய்தியிலும் இல்லை. நான்கையும் திறந்து பாருங்கள். உயிர்த்தெழுந்த கணத்தை யாரும் பார்க்கவில்லை. மத்தேயுவில் நிலநடுக்கம் வருகிறது, வானதூதர் கல்லைப் புரட்டுகிறார், அப்போதும் உள்ளே ஆள் இல்லை. இருப்பதெல்லாம் காலியான கல்லறை, அப்புறம் சந்திப்புகள். அந்தச் சந்திப்புகளிலும் சந்தேகம் கூடவே வருகிறது. மாற்கில் பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. லூக்காவில் பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்கள் பிதற்றல் என்று தள்ளுகிறார்கள். மத்தேயுவில் மலைமேல் ஆண்டவரைப் பார்த்து வணங்கும்போதே சிலர் ஐயப்படுகிறார்கள். தோமா கதை எல்லோருக்கும் தெரியும், பாவம், ஐயப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்பதுபோல அவர் பெயரையே கெடுத்து வைத்திருக்கிறோம். நற்செய்தியே சந்தேகத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கும்போது, விசுவாசத்தை ஆழப்படுத்த என்று தொடங்கும் ஒரு வழக்கத்தில் ஒருவர் வாய்விட்டு "எனக்கு இது புரியவில்லை" என்று சொல்லக்கூட இடம் இல்லையென்றால் என்ன பயன்? ஒலிபெருக்கியை அலற விட்டால் அந்தக் குரல் கேட்காது.

இன்னொன்றும் யாரும் எழுதவில்லை. தவக்காலம் நாற்பது நாள். விபூதிப் புதனில் தொடங்கி வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, நோன்பு, ஒறுத்தல் என்று நிறையச் செய்கிறோம். உயிர்ப்புக்காலம், தூய ஆவியார் இறங்கியதைக் கொண்டாடும் பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள். அதில் என்ன செய்கிறோம்? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் விழாவும் முடிந்துவிடுகிறது. ஆதித் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற புதியவர்கள் அந்த வாரம் முழுவதும் வெள்ளை உடையோடு கோவிலுக்கு வந்து, தாங்கள் பெற்றுக்கொண்டதன் பொருள் என்ன என்று கேட்டுப் படித்தார்கள். எருசலேமில் 4ஆம் நூற்றாண்டில் கொடுத்த அந்தப் போதனைகள் சிரில் ஆயரின் பெயரில் இன்றும் கிடைக்கின்றன. இன்று சிலுவைக்குப் பாதை இருக்கிறது, உயிர்ப்புக்கு இல்லை.

அதற்கும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1980களின் இறுதியில் இத்தாலியில் சலேசிய சபையினர் "ஒளியின் பாதை" என்று ஒன்றை உருவாக்கினார்கள். சிலுவைப்பாதை போலவே பதினான்கு நிலைகள். உயிர்ப்பில் தொடங்கி, மகதலா மரியா, எம்மாவு, தோமா, திபேரியக் கடல் என்று போய், தூய ஆவியார் இறங்குவதில் முடிகிறது. மக்களின் பக்தி முயற்சிகள் பற்றி 2001இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி ஏடு இதைப் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறது. ஆகவே ஆயர் இல்லம் என்ன சொல்லுமோ என்ற பயம் அதிகம் வேண்டாம். பங்குத்தந்தை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

நான் முன்வைப்பது இரண்டு.

உயிர்ப்பு ஞாயிறு மாலையில் ஓர் எம்மாவு நடை. உயிர்த்த ஆண்டவர் கூட வருவதை அறியாமல் எம்மாவு ஊருக்கு இரண்டு சீடர்கள் நடந்ததும் அதே நாளில்தான். அவர்கள் நடந்தது பதினொரு கிலோமீட்டர், நமக்கு அவ்வளவு வேண்டாம், முட்டிவலிக்காரர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கோவில் வாசலில் லூக்கா 24ஆம் அதிகாரத்தின் எம்மாவுப் பகுதியை வாசிப்பது, ஆண்டவர் அவர்களோடு சேர்ந்து நடக்கும் இடம்வரை. பிறகு இருவர் இருவராக நடப்பது. ஒரே வீட்டு ஆட்கள் ஜோடி சேரக் கூடாது. ஒருவர் மூத்தவர், ஒருவர் இளையவர். பாட்டு வேண்டாம், மைக் வேண்டாம், கொடி வேண்டாம். ஆண்டவர் அந்தச் சீடர்களிடம் முதலில் போதிக்கவில்லை, என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்றுதான் கேட்டார். அவர்களும் தாங்கள் எதிர்பார்த்து ஏமாந்ததைத்தான் சொன்னார்கள். அதே கேள்வியை ஜோடிகள் எடுத்துக்கொள்ளட்டும்: நான் கடவுளிடம் எதிர்பார்த்து நடக்காமல் போனது என்ன? திரும்பி வந்ததும் மீதி வாசகம், அப்பம் பிடுவதில் கண்கள் திறக்கும் பகுதி, அதோடு மாலைத் திருப்பலி. மறைக்கல்வி வகுப்பில் ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்காத பேச்சு அந்த ஒரு மாலையில் கிடைக்கலாம். சில ஜோடிகள் சும்மா வானிலை பற்றிப் பேசிவிட்டும் வரும், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இரண்டாவது, ஒளியின் பாதையை ஒரே நாளில் நடத்தி முடிக்காமல் அன்பியங்களுக்கு (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) பிரித்துக் கொடுப்பது. உயிர்ப்பிலிருந்து பெந்தகோஸ்து வரை ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு நிலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அழகாக அமைகிறது. பன்னிரண்டாம் நிலையான விண்ணேற்றம் ஆறாம் வாரத்தில் வருகிறது, நாற்பதாம் நாளும் அந்த வாரத்தில்தான். ஏழாம் வாரத்துக்குக் காத்திருப்பும் தூய ஆவியாரும். வாரம் ஒரு வீடு, அரை மணி நேரம், வாசகத்தைப் படிப்பது பெரியவர்கள், கேள்வி கேட்பது பிள்ளைகள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்.

சங்கத்தின் பங்கு என்ன என்று பொருளாளர் கேட்பார். ஒலி ஒளிச் சாமானுக்குப் பணம் அனுப்புவதற்கு நான் சம்மதிக்கவில்லை. வாசகங்களும் கேள்விகளும் அடங்கிய சிறு கையேடு அச்சிடும் செலவை ஏற்கலாம். அதோடு, தொலைவில் இருக்கும் நாமும் நடையில் சேரலாம். பங்கில் நடக்க முடியாத முதியவர்கள் இருப்பார்கள், அவர்களோடு அன்று மாலை நம்மில் ஒருவர் தொலைபேசியில் ஜோடி சேர்ந்து அதே கேள்வியைப் பேசலாம். நேர வித்தியாசத்தைப் பார்த்து முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும், அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நிபந்தனை மட்டும் பேரவைக்கு எழுதும் பதிலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மூன்று ஆண்டுகளுக்கு இதைச் சோதனை என்றே அறிவிக்கட்டும். திருத்தந்தையே திருவிழிப்பை அப்படித்தான் மாற்றிப் பார்த்தார். மக்கள் வரவில்லையென்றால் மரியாதையாக நிறுத்திவிடலாம்.

தவக்காலத்துக்கு முன்பே பதில் போய்ச் சேர வேண்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக நாடகக் குழுத் தம்பிகள், இந்த இழையிலேயே எழுதுங்கள். தனி மடலில் திட்டுவதை மட்டும் தவிர்த்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய பாடகர் குழு ஆள்