மலையில் மண்கல் வீடு: ஈரம், சரிவு, கூரை – அனுபவப் பகிர்வு

கோத்தகிரி உறுப்பினர்:
கோயம்புத்தூரில் பசுமை வீடு என்றால் வெயிலைத் தடுப்பது. இங்கே நேர்மாறு. வெயிலை உள்ளே கூப்பிடணும், ஈரத்தை வாசலோடு நிறுத்தணும். கீழ்நாட்டு பிளானை அப்படியே தூக்கிவந்தால் முதல் மழையிலேயே அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும்.

மண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். மேலே இருக்கும் கறுப்பு மண் மக்கு, அதை ஒதுக்கித் தோட்டத்துக்கு வையுங்கள். அதன் அடியில் வரும் செம்மண்தான் மண்கல்லுக்கு (சிமென்ட் கலந்து அச்சில் அழுத்திச் செய்யும் சுடாத கல்). ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒருநாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி (களிமண்) என்று படியும். களி 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. நம் பக்கத்து மண்ணில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி எம்-சாண்ட் கலக்கவேண்டி வரலாம். கலக்காமல் அழுத்திய கல் காயும்போது மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். சிமென்டைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள், ஆகாது. சுருங்குவது களி.

சிமென்ட் 7 சதவீதம். 230 × 190 × 100 மி.மீ. கல் சுமார் 8 கிலோ வரும், மூட்டைக்கு 85 முதல் 90 கல் எடுக்கலாம். ஈரப்பதம் பார்க்கக் கலவையை உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தட்டையாக அப்பினால் தண்ணீர் அதிகம், பொடியாகச் சிதறினால் குறைவு. சிமென்ட் சேர்த்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடணும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பெரிய குவியலாகக் கலக்காதீர்கள்.

வில்பட்டி உறுப்பினர்:
அண்ணன் சொன்ன அளவெல்லாம் சரி. ஆனால் மழைச்சாரல் நேரே அடிக்கும் சுவருக்கு நான் சிமென்ட் 8 சதவீதம்தான் சொல்வேன். கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் அந்த ஒரு சதவீதம் பேசும்.

கல் போட ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மூன்று வாரம் சாக்கு போட்டு நனைக்கணும், குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும். உறைபனி இரவில் வைக்கோல், அதன்மேல் தார்ப்பாய். பனிமூட்டம் இருக்கே, தண்ணீர் எதுக்கு என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்காதீர்கள். அதேபோல, நனைத்து முடித்ததும் காயாத கல்லை அவசரமாகச் சுவரில் ஏற்றினால் பின்னால் சுருங்கி இணைப்பில் விரிசல் விடும்.

பூச்சு விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டைவிடுகிறார்கள். மண்கல்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு, அதற்குமேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வரமுடியாமல் பூச்சைத் தகடாகப் பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்பு போதும். இணைப்புச் சாந்து சிமென்ட் 1, மண் 2, மணல் 6. தரையிலிருந்து ஒன்றரை அடி வரை கருங்கல், அதன்மேல் ஈரத்தடுப்பு, அப்புறம்தான் மண்கல். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிப்பது அந்த முதல் அடியைத்தான் தின்னும்.

குன்னூர் உறுப்பினர்:
வீடு எவ்வளவு பசுமையாக இருந்தாலும் சரிவில் தண்ணீரை அடைத்தால் எல்லாம் வீண். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது மறந்திருக்காது. ஈரம் ஊறிய மண் கனம் கூடி, பிடிப்பை விட்டுவிடுகிறது.

தடுப்புச் சுவரில் 3 அங்குல பிவிசி குழாய், ஐந்தடிக்கு ஒன்று, வரிசை மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக. இது எல்லோரும் செய்வது. குழாய்க்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய மண்ணையே கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் துளை அடைத்து, சுவர் வயிறு தள்ளும். உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவருக்கு மேலே வெட்டவே கூடாது. இடம் இல்லை என்று கழிவறைக்குப் பக்கத்திலேயே தோண்டுகிறார்கள், தினமும் நாமே சரிவுக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல.

மழைநீர் சேமிக்க: 1000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 750 லிட்டர் கைக்கு வரும். கூரை அழுக்கோடு வரும் முதல் 50 லிட்டரைக் கழிக்க 6 அங்குலக் குழாய் 3 மீட்டர் செங்குத்தாக, அடியில் மூடியோடு. தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரை ஓடை வரைக்கும் குழாயில் கொண்டுபோய் விடுங்கள்.

ஊட்டி உறுப்பினர்:
மதியம் மேகம் மூடிவிடும் ஊர் இது, காலை வெயில்தான் காசு. பெரிய ஜன்னல் கிழக்கே. தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு போட்டால் டிசம்பர் உச்சிவெயிலில் (சூரியன் சுமார் 55 டிகிரி உயரம்) நிழல் கிட்டத்தட்ட 3 அடி இறங்கும். 4 அடி ஜன்னலில் மிஞ்சுவது ஓரடி வெயில். சன்ஷேடை ஜன்னல் தலைக்கு ஓரடி மேலே ஏற்றுங்கள்.

வில்பட்டி உறுப்பினர்:
தகரக் கூரையில் விடிகாலை சொட்டுதே சார், அது ஒழுகலா?

ஊட்டி உறுப்பினர்:
மழை இல்லாத நாளிலும் சொட்டினால் ஒழுகல் இல்லை தம்பி. சமையல் ஆவியும் மூச்சுக்காற்றும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகுது. தகரத்துக்குக் கீழே 3 அங்குலம் காற்றிடம் விட்டுப் பலகை அடியுங்கள். அந்த இடைவெளி கீழ்விளிம்பிலும் முகட்டிலும் திறந்திருக்கணும். தெர்மோகோலைத் தகரத்தில் ஒட்டாமல் பலகைமேல் பரப்புங்கள், அதன் அடியில் பிளாஸ்டிக் தாள். திறந்த விளிம்புக்குக் கால் அங்குலக் கம்பிவலை கட்டாயம், இல்லாவிட்டால் எலி குடிவந்துவிடும்.

சோலார் ஹீட்டர் வாங்குகிறவர்களுக்கு: ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தா மாதிரிப் பள்ளமான இடத்தில் குளிர்காற்று தேங்கி உறைபனி கடுமை. தட்டை வகையில் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும், ஒழுகல் தெரிவது வெயில் ஏறி உருகிய பிறகு. வெற்றிடக் குழாய் வகை (இரட்டைக் கண்ணாடிக் குழாய்) தாங்கும். ஆனால் அதற்குப் போகும் பிவிசி குழாயையும் மறக்காமல் உறை போட்டுச் சுற்றுங்கள்.