புதுவீட்டு டைனிங் டேபிளுக்குப் போன் சைனாவா, பித்தளையா? ஒரு வழி சொல்லுங்க

பாளை புதுவீட்டுக்காரி:
அண்ணாச்சிமாரே மைனிமாரே, வர்ற தையில பால் காய்ப்பு வச்சிருக்கோம். ஹாலுக்கும் டைனிங்குக்கும் சேத்து 3 லட்சம் ஒதுக்கியிருக்கு. வெள்ளை மார்பிள் டேபிள், தங்க ரிம் போட்ட போன் சைனா டின்னர் செட்டு, வெல்வெட் சோபான்னு அவுக ஃபோன்ல படம் படமா காட்டுதாக. அத்தை என்னன்னா பித்தளையும் வெண்கலமும்தான் வீட்டுக்கு லட்சணம்ங்காக. நடுவுல நான் கெடந்து முழிக்கேன். எங்க வீடு சைவம், லீவுக்கு எல்லாரும் வந்தா இலை போட்டுத்தான் சாப்பாடு, தண்ணி போர் தண்ணி, உப்பு கரிக்கும். பாக்க அழகாவும் இருக்கணும் தெனமும் பொழங்கவும் செய்யணும், என்ன வாங்கலாம்?

டவுன் ரதவீதி:
அத்தை சொல்லுததக் கேளுங்க தாயி. பித்தளைக் கொடத்த தாத்தா காலத்துலருந்து பேரன் காலம் வரைக்கும் பொழங்கலாம், ஒடுக்கு விழுந்தா தட்டி எடுத்துக்கிடலாம், ஒண்ணுமே வேண்டாம்னு போட்டாலும் எடைக்குக் காசு உண்டு. உங்க போன் சைனாவ ஒடஞ்ச பொறவு எவன் வாங்குவான்? லச்சுரி லச்சுரிங்காங்க, கை தவறுனா குப்பைக்குப் போறது என்ன லச்சுரியோ.

மகாராஜநகர் மைனி:
அண்ணாச்சி, நீங்க சொல்லுவீக. அந்தப் பித்தளையப் புளி போட்டுத் தேய்க்கது யாரு, உங்க வீட்டு மைனிதான? தேய்ச்சு வச்சு ரெண்டு நாள்ல திரும்பக் கருக்குது, அதுவும் உப்புத் தண்ணியில கழுவிட்டுத் தொடைக்காம வச்சா புள்ளி புள்ளியா நிக்கும். உள்ள ஈயம் பூசாம அதுல தேங்காப்பால் சொதியோ புளிக்கொழம்போ வச்சா களிம்பு ஏறும். முன்னால ஈயம் பூசுதவர் தெருவுக்கே வருவாரு, இப்ப தேடிப் பிடிக்கணும். பொம்பளைங்களும் வேலைக்குப் போற காலத்துல பீங்கான் தட்டுல சாப்பிட ஆசப்பட்டா ஒரு குத்தமா? நல்லா ஆசைப்பட்டத வாங்கு புள்ள, ஷோகேஸ்ல பூட்டி வைக்காம தெனம் எடுத்துப் பொழங்கு.

கல்லிடை பேரன்:
சைவம்னு எழுதியிருக்கியளே, போன் சைனான்னா என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கியளா? பேருல இருக்கது ஃபோன் இல்ல, எலும்பு. 1790கள்ல இங்கிலாந்துல ஸ்போடுன்னு ஒரு பீங்கான்காரர் நெலப்படுத்துன கலவை அது. மாட்டெலும்பச் சுட்டு எடுத்த சாம்பல் பாதி, மிச்சப் பாதி வெள்ளைக் களிமண்ணும் ஒரு வகைக் கல்லுப்பொடியும். அந்தச் சாம்பல்தான் அந்த வெண்மையையும் பலத்தையும் குடுக்குது. தட்ட வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பின்னால வெரல வச்சா நெழல் தெரியும். நான் குத்தம் சொல்லல, எங்க வீட்டுலயும் காப்பி குடிக்க வச்சிருக்கோம். ஆனா உங்க அத்தைக்குப் பொறவு தெரிஞ்சா அன்னைக்கு இருக்கு திருவிழா.

டவுன் ரதவீதி:
சிவ சிவா. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மகாராஜநகர் மைனி:
சரி, எலும்பு வேண்டாம்னா போர்சலின் எடுக்கட்டும், ஸ்டோன்வேர்னு கெட்டியான களிமண் தட்டு எடுக்கட்டும், அதுல எலும்பு கெடையாது. அதுக்காகப் பித்தளைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லையே அண்ணாச்சி.

நெல்லை இன்டீரியர்:
தொழில்ல இருக்கேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன், பொறுத்துக்கோங்க. மொதல்ல மார்பிள். அது சுண்ணாம்புக் கல்லு வகை, புளிப்பு பட்டா அரிக்கும். எலுமிச்சங்கா சாறு, புளித்தண்ணி, ரசம், மோர் எது சிந்துனாலும் அந்த எடம் மட்டும் பளபளப்பு போய் மங்கலா நிக்கும். சீலர் போட்டா ஒண்ணும் ஆகாதும்பாங்க. சீலர் கறை உள்ள எறங்காமத் தடுக்கும், புளிப்பு அரிக்கதத் தடுக்காது. மஞ்சக்கறை வேற. வெள்ளைக்காரன் வீட்டு டேபிள்ல மஞ்சப்பொடி விழாது, நம்ம வீட்டுல விழாத நாளு ஏது? கல்லுதான் வேணும்னா கிரானைட் போடுங்க.

அடுத்தது அளவு, இத யாருமே யோசிக்கதில்ல. ஷோரூம்ல டேபிள் மேல தட்டு வச்சுக் காட்டுவாங்க, அழகா இருக்கும். நீங்க இலை போடுத வீடு. ஆளுக்கு 2 அடி அகலம் வேணும், ஆனா தலைவாழை இலை அதையும் தாண்டும். 3 அடி அகல டேபிள்ல எதிரும் புதிருமா ரெண்டு இலை போட்டுட்டா நடுவுல சாப்பாட்டுப் பாத்திரம் வைக்க எடமே இருக்காது, அப்ப பரிமாறுதவுக நின்னுதான் வெளம்பணும். அதனால மூணரை அடி அகலம் பாருங்க. ஒயரம் 30 அங்குலம், நாற்காலி உக்காருத எடம் 18 அங்குலம். நாற்காலிக்குப் பின்னால செவுத்துக்கும் 3 அடியாவது விடுங்க, இல்லன்னா ஒருத்தர் எந்திரிக்க மூணு பேரு எந்திரிக்கணும்.

வெல்வெட் வேண்டவே வேண்டாம். ஆடிக்காத்துல வர்ற மண்ணு பூரா அதுல போய் உக்காரும். கழட்டித் தொவைக்கத காட்டன் ஒறை போட்ட சோபாவா எடுங்க. ரெக்சினும் நம்ம வெக்கைக்கும் வேர்வைக்கும் கொஞ்ச வருசத்துல தோல் உரிஞ்சிரும்.

சொதிப்பிரியன்:
இவ்ளோ நேரம் ஒருத்தரும் முக்கியமானதப் பேசலயே. அந்த டின்னர் செட்டுத் தட்டு எல்லாம் தட்டையா தாம்பாளம் கணக்கா இருக்கு, அதுல சொதிய ஊத்துனா எங்கவே நிக்கும்? மறுவீட்டுச் சாப்பாட்டுல மாப்பிள்ளை மடியிலதான் நிக்கும். குழிவான தட்டா பாத்து வாங்குங்க மைனி.

கல்லிடை பேரன்:
சொதிப்பிரியன் சிரிச்சுக்கிட்டே சரியாச் சொல்லிட்டாரு. இன்னொண்ணு, தங்க ரிம் இருந்தா மைக்ரோவேவ்ல வைக்க முடியாது, பொறி பறக்கும். டிஷ்வாஷர்ல போட்டாலும் ரிம் மங்கிப் போவும். அப்ப தெனமும் எடுக்க மாட்டிய, விருந்தாளிக்குன்னு மேல ஏத்தி வச்சிருவிய.

மகாராஜநகர் மைனி:
மேல ஏத்தி வைக்காதீகன்னுதான நான் மொதல்லயே சொன்னேன்! ரிம் இல்லாத வெள்ளைத் தட்டு எடுக்கட்டும், ஒண்ணு ஒடஞ்சா அதே மாதிரி தனியா ஒண்ணு வாங்கிக்கிடலாம். பூப் போட்ட செட்டுல ஒண்ணு போச்சுன்னா செட்டே போச்சு.

டவுன் ரதவீதி:
அப்பவும் பீங்கானா? எவர்சில்வர் கூட வேண்டாமா உங்களுக்கு?

நெல்லை இன்டீரியர்:
எவர்சில்வர் தாராளமா வாங்கலாம் அண்ணாச்சி, ஆனா கிரேடு பாத்து. 304னு அடிச்சிருக்கான்னு பாருங்க. 202ன்னா நிக்கலக் கொறச்சு மாங்கனீசு சேத்தது, வெலை கம்மி, உப்புத் தண்ணியில சீக்கிரம் துரு புள்ளி விழும். கடையில காந்தத்த வச்சு ஒட்டலன்னா நல்ல சாமான்ம்பாங்க, நம்பாதீக. 202ம் காந்தத்துல ஒட்டாது.

கல்லிடை பேரன்:
இத்தன பேசியாச்சு, பத்தமடையப் பத்தி ஒருத்தரும் வாய் தெறக்கலயே? 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் போன பாய் நம்ம ஊருப் பாய். நாம என்னன்னா டேபிளுக்கு பிளாஸ்டிக் மேட்டு வாங்கிப் போடுதோம். பட்டுப்பாய் நெய்யுத கோரைய ஓடுத தண்ணியில ஊறப்போட்டு, நூலு மாதிரி கிழிச்சு எடுத்து, பருத்தி நூல் பாவுல நெய்வாங்க. தடவிப் பாத்தீகன்னா கோரைன்னே தெரியாது, துணி மாதிரி வழுக்கும். அதுலயே டேபிள் ரன்னரும் தட்டுக்கு அடியில விரிக்கதும் நெய்து தருவாங்க. ஓரத்துல செவப்பும் கறுப்புமா கரை போட்டு, மேல வெறும் வெள்ளைத் தட்டு வச்சா, ஐயா, எந்த ஷோரூம்லயும் இந்த அழகு வராது. கொழம்பு சிந்துனா ஒடனே தொடச்சிரணும், தண்ணியில ஊற வைக்கக் கூடாது, மடிக்காமச் சுருட்டி வைக்கணும். அவ்வளவுதான் பாடு.

மகாராஜநகர் மைனி:
இது நல்லாருக்கே. அண்ணாச்சி, இதுக்கு ஒத்துக்கிடுவியளா?

டவுன் ரதவீதி:
பாய்க்கு ஒத்துக்கிடுதேன், தட்டுக்கு இல்ல. தண்ணி குடிக்க வெண்கலச் சொம்பு, பூ மெதக்க விட ஒரு உருளி, ஒரு குத்துவெளக்கு, இதாவது அந்த வீட்டுல இருக்கணும். சொம்புல புளிப்பு வைக்கப் போறதில்ல, களிம்புக் கணக்கு பேச முடியாது மைனி.

மகாராஜநகர் மைனி:
தேய்க்கக் கணக்கு அப்பவும் உண்டுல்லா! சரி, உருளி இருக்கட்டும், அத மாசத்துக்கொருக்கா தேய்ச்சாப் போதும். சொம்பு வேண்டாம்.

பாளை புதுவீட்டுக்காரி:
எல்லாரும் இவ்ளோ எழுதியிருக்கீக, சந்தோசம். எலும்பு சாம்பல் விசயத்த அவுககிட்ட மெதுவாச் சொன்னேன், கடைக்காரன் சொல்லவே இல்லையேன்னு மொகம் விழுந்து போச்சு, டின்னர் செட்டு கேன்சல். குழிவான வெள்ளைப் போர்சலின் தட்டு ஆறு பேருக்கு, மிச்சத்துக்கு 304. மார்பிளும் இல்ல, செங்கோட்டைக்குப் போயி தேக்கு பாத்து மூணரை அடியில டேபிள் அடிக்கச் சொல்லலாம்னு இருக்கோம். பத்தமடைக்கு அத்தையே வாரேங்காக. வெல்வெட்ட மட்டும் அவுக விட மாட்டேங்காக, என்ன செய்ய?

நெல்லை இன்டீரியர்:
தேக்கு நல்லாக் காஞ்சதான்னு கேட்டு எடுங்க, ஈர மரம்னா பொறவு விரிசல் விடும், மூட்டு எல்லாம் ஆடும். வெல்வெட்டுக்கு ரெண்டு குஷன் ஒறை மட்டும் தைச்சுக் குடுத்துருங்க, ஆசை தீந்துரும்.

சொதிப்பிரியன்:
பச்சைக் கலர் வேண்டாம் மைனி, இஞ்சிப்பச்சடி சிந்துனா மறைக்க முடியாது.