இணையப் பட்டாவில் பிழை: மனு போடுமுன் எந்தப் பதிவேட்டில் தவறு என்று பாருங்கள்

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சில நாட்களாகக் குழுவில் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். தமிழக அரசின் நிலப் பதிவுகள் உள்ள இ-சர்வீசஸ் தளத்தில் பட்டாவை எடுத்தால் அப்பா பெயரைக் காணோம், பெரியப்பா பெயர் மட்டும் இருக்கிறது. ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் வெறும் ஒரு ஏக்கராக நிற்கிறது. உட்பிரிவு எண் 2ஏ இருக்க வேண்டிய இடத்தில் 2பி. ஆளாளுக்குத் தாசில்தாருக்கு ஒரு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் போட்ட மனு, 'நடவடிக்கையில் உள்ளது' என்ற பதிலோடு மேசை மேசையாகச் சுற்றும். அதனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது தவறு எப்போது நுழைந்தது என்பதை.

நம் நிலப் பதிவுகள் மூன்று கைகள் மாறி இணையத்துக்கு வந்திருக்கின்றன. முதலாவது பழைய நிலவரித் திட்ட (செட்டில்மென்ட்) பதிவேடு. இரண்டாவது யூ.டி.ஆர் என்று எல்லோரும் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதியது. 1979 முதல் 1987 வரை நடந்தது. அப்போதுதான் ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர்ஸ் வந்தது; உட்பிரிவு எண்கள் மாறின; அனுபவத்தில் இருப்பவர் யார் என்று ஊரில் விசாரித்துப் பெயர் எழுதினார்கள். மூன்றாவது, அப்போது கையால் எழுதிய சிட்டாவைக் கணினியில் ஏற்றியது. இன்று தளத்தில் தெரிவது இந்த மூன்றாவது.

வெளியூரில் இருந்த குடும்பங்களுக்கு யூ.டி.ஆர்.தான் பெரிய வினை. விசாரணைக்கு ஆள் வந்தபோது மலேயாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவருக்காகப் பேச யாரும் இல்லை. ஊரில் இருந்த அண்ணன் தம்பி ஒருவர் பெயரில் மொத்த நிலமும் ஏறியது. அவர் வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை. கேட்டார்கள், சொன்னார், எழுதினார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பங்காளிகளோடு பேசும்போது சூடு குறையும்.

இப்போது வேலைக்கு வருவோம். தளத்திலிருந்து மூன்று தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பட்டா-சிட்டா, 'அ' பதிவேடு (ஊரின் புல எண்கள் வரிசையாக உள்ள பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்). ஓ.டி.பி. இந்தியக் கைபேசி எண்ணுக்குத்தான் வரும் என்பதால் ஊரில் ஒருவரை உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள். 'அ' பதிவேட்டில் பழைய புல எண் (சர்வே எண்) ஒரு பத்தியில் இருக்கும். அதைத்தான் தாய்ப்பத்திரத்தில் உள்ள எண்ணோடு பொருத்த வேண்டும். புது எண்ணைப் பழைய பத்திரத்தில் தேடிவிட்டு 'நிலமே இல்லை' என்று பதறுவது நிறைய நடக்கிறது.

பரப்பைச் சரிபார்க்க ஒரு கணக்கு. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். பத்திரத்தில் 1 ஏக்கர் 12 சென்ட் இருந்தால் 112-ஐ 40.47-ஆல் பெருக்குங்கள்: சுமார் 4,532 சதுர மீட்டர், அதாவது 45.32 ஏர்ஸ். கிராமங்களில் பெரும்பாலும் அரை ஏர் கணக்கில் முழுமையாக்கி எழுதுவதால் பட்டாவில் 0 - 45.50 (ஹெக்டேர் - ஏர்ஸ்) என்று இருந்தால் அது சரியே. அரை சென்ட் கூடுதல் குறைவுக்கெல்லாம் மனு போடாதீர்கள். 0 - 40.50 என்று இருந்தால் அது சரியாக ஒரு ஏக்கர். பன்னிரண்டு சென்ட் விடுபட்டிருக்கிறது. 0 - 54.50 என்றால் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. 0 - 04.50 என்றால் இலக்கம் நகர்ந்திருக்கிறது. இந்தக் கடைசி இரண்டும் பெரும்பாலும் கணினியில் ஏற்றியபோது வந்தவை. விடுபட்ட பன்னிரண்டு சென்ட் அப்படியல்ல. அது பக்கத்து உட்பிரிவில் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதனால் தாய்ப் புல எண்ணின் எல்லா உட்பிரிவுகளையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் சரியாக வந்து உங்களுடையது மட்டும் குறைந்தால், கூடியிருக்கும் உட்பிரிவுக்காரர் எதிர்மனுதாரர் ஆவார். அவரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது.

அடுத்தது பழைய பதிவேடுகளின் நகல். இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம்; நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். இந்தியக் குடிமக்கள் மட்டுமே கேட்க முடியும். ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) ஊரில் உள்ள தங்கை, மருமகன் யாராவது கையெழுத்தில் போடுங்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்:

'இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் 112/2ஏ, பழைய எண் இன்னது. இது தொடர்பாக (1) நிலவரித் திட்டப் பதிவேட்டுப் பக்கம், (2) யூ.டி.ஆர். 'அ' பதிவேட்டுப் பக்கம், (3) கையால் எழுதிய 10(1) சிட்டாப் பக்கம், (4) யூ.டி.ஆருக்குப் பின் பட்டா மாறுதல் நடந்திருந்தால் அந்த உத்தரவு, ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்.'

'ஏன் என் அப்பா பெயர் இல்லை', 'யார் பொறுப்பு' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'சிதிலமடைந்துவிட்டது' என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள், பிறகு மாவட்ட ஆவணக் காப்பறையிலும் நில அளவைத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேளுங்கள். ஒரு இடத்தில் கரையான் தின்றது இன்னொரு இடத்தில் முழுசாக இருக்கும்.

நகல்கள் கைக்கு வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தானே தெரியும்.

கையால் எழுதிய சிட்டா சரி, கணினி தவறு என்றால் இது தட்டச்சுப் பிழை. தாசில்தார் அளவிலேயே முடியும். சுப்பையா சுப்பய்யா ஆனது, தலைப்பெழுத்து மாறியது, க/பெ இருக்க வேண்டிய இடத்தில் த/பெ விழுந்தது, கூட்டுப் பட்டாவில் மூன்றாவது பெயர் விடுபட்டது எல்லாம் இந்த வகை.

நிலவரித் திட்டப் பதிவேடு சரி, யூ.டி.ஆரில் தவறு என்றால் தாசில்தார் தாமாகத் திருத்த முடியாது. அவர் அறிக்கை அனுப்ப, கோட்டாட்சியர் அல்லது மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து உத்தரவிட வேண்டும். மனுவை மேல் அலுவலருக்கே முகவரியிட்டு, தாசில்தாருக்கு நகல் போடுங்கள். பட்டா நிலம் புறம்போக்கு என்று ஏறியிருந்தால் இந்த வழிதான், அதிலும் நாள் பிடிக்கும்.

மூன்று பதிவேடும் ஒன்றுபோல் இருந்து, பத்திரத்தில்தான் புல எண் தவறு என்றால் வருவாய்த் துறையிடம் கேட்க ஒன்றுமில்லை. விற்றவர், அவர் இல்லையென்றால் அவர் வாரிசுகள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதித்தர வேண்டும். அது பதிவான பிறகுதான் பட்டா.

பதிவேடு எல்லாம் சரியாக இருந்து, தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கிறது என்றால் அது பிழையே அல்ல, பட்டா மாறுதல். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் வைத்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் 'திருத்தம்' என்று எழுதிப் போட்டதால் தள்ளுபடியான மனுக்கள் அநேகம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் மூன்று பத்தி கட்டம் ஒன்று: இப்போது உள்ளது, இருக்க வேண்டியது, ஆதாரம். ஆதாரம் என்ற பத்தியில் 'இணைப்பு 3, பக்கம் 2, வரி 5' என்கிற அளவுக்குச் சுட்டுங்கள். அறிக்கை எழுதப் போகும் வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். ஒரு மனுவில் ஒரு பிழை. பெயரையும் பரப்பையும் சேர்த்துக் கேட்டால், பரப்புக்காக நில அளவர் வரும்வரை பெயரும் தூங்கும். குடும்பச் சண்டையின் வரலாறு மனுவில் வேண்டவே வேண்டாம். 'உரிமைப் பிரச்சினை உள்ளது, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும்' என்று ஒரு வரியில் முடித்துவிட அதுவே போதும்.

இணைப்பில் தாய்ப்பத்திர நகல், வில்லங்கச் சான்று, பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் அதுவும். வில்லங்கத்தைப் பதிவுத் துறைத் தளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நேரில் கொடுத்தால் தேதி முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். தபாலில் என்றால் விரைவுத் தபால். பழைய பதிவுத் தபாலை இப்போது அதோடு இணைத்துவிட்டார்கள், பட்டுவாடாச் சான்றைச் சேமியுங்கள். அதன் பிறகு கேட்க வேண்டியது, மனுவின் கோப்புக்கு அலுவலகம் போடும் ந.க. எண் ஒன்றைத்தான். 'என் மனு என்ன ஆச்சு' என்றால் யாருக்கும் தெரியாது. எண்ணைச் சொன்னால் கோப்பு எந்த எழுத்தரிடம் என்று சொல்வார்கள்.

மேல்முறையீடும் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் முறையீடு (பிரிவு 12), அதன் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு (பிரிவு 13). வாய்மொழியாக 'முடியாது' என்றால் முறையிட ஒன்றும் இருக்காது. எழுத்தில் தள்ளுபடி உத்தரவு கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
கீழத்தெரு, கோலாலம்பூரிலிருந்து

*

அண்ணே, விவரமான மடலுக்கு நன்றி. அதிகாரப் பத்திரம் பற்றி நான் சேர்க்கிறேன். இங்கே வளைகுடாவில் நிறையப் பேர் இதில்தான் சிக்குகிறார்கள்.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் அனுமதிக் கடிதம் பெரும்பாலும் போதும். விசாரணையில் உங்களுக்காக வாக்குமூலம் கொடுக்க அதிகாரப் பத்திரம் வேண்டும். பொது அதிகாரம் கொடுக்காதீர்கள். இந்தப் புல எண், இந்தத் திருத்தம், இந்த அலுவலகங்கள் என்று வரம்பு கட்டிய தனி அதிகாரம் போதும். 'விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ அதிகாரம் இல்லை' என்ற வரியைக் கட்டாயம் எழுதுங்கள். சொந்த மச்சானுக்கே கொடுத்தாலும் எழுதுங்கள்; அவரும் அப்படி எழுதியிருப்பதையே விரும்புவார்.

இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று வாங்குவது நேர் வழி. அப்போஸ்டில் (ஆவணத்தைப் பிற நாடுகள் ஏற்க அந்நாட்டு அரசு தரும் சான்று) செய்யும் நாடுகளில் நோட்டரி, பிறகு அப்போஸ்டில். தாள் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இதை மறந்துவிட்டு விசாரணை நாளன்று நீட்டினால் ஏற்க மாட்டார்கள். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்; வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர் இருப்பவர்கள், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றையும் அதே தூதரக நடையிலேயே செய்துகொள்ளுங்கள்.

கீழத்தெரு, ஷார்ஜா

*

தம்பி சொன்னது சரி. என் மடலில் விட்டுப்போன இரண்டைச் சேர்க்கிறேன்.

உத்தரவு கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். உத்தரவு கோப்பில் இருக்கும், தளத்தில் பழைய பெயரே நிற்கும். உத்தரவு ஓர் அலுவலரிடமிருந்து வருகிறது. கணினியில் ஏற்றுவது தாலுகாவில் இன்னொருவர் வேலை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, உத்தரவின் ந.க. எண்ணையும் தேதியையும் சொல்லி 'கணினியில் பதிவேற்ற வேண்டும்' என்று தனியாக ஒரு மனு கொடுங்கள். ஏற்றியபின் பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் இரண்டையுமே எடுத்துப் பாருங்கள். ஒன்றில் மாறி மற்றதில் மாறாமல் இருப்பதுண்டு. பரப்புத் திருத்தம் என்றால் புலப்படமும் மாற வேண்டும். அதை ஏற்றுவது நில அளவைப் பிரிவு.

மற்றது காலம். ஜமாபந்தி (கிராமக் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை) பெரும்பாலும் மே, ஜூனில், பசலி என்னும் வருவாய் ஆண்டு முடிவதையொட்டி நடக்கும். அப்போது கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் மேசையில் இருக்கும், வி.ஏ.ஓ., ஆய்வாளர், தாசில்தார் எல்லோரும் இருப்பார்கள். தட்டச்சுப் பிழைகளுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. மேல் அலுவலர் உத்தரவு வேண்டிய யூ.டி.ஆர். பிழைகளை அங்கே கொடுத்துப் பயனில்லை. அவற்றுக்குத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் பொருத்தம். முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதிவு செய்வது கோப்பை நகர்த்த உதவும், தீர்ப்பு தராது. ந.க. எண் கிடைத்த பிறகு கூப்பிடுங்கள்.

நகல்களைக் குழுவில் போடுபவர்கள் ஆதார் எண்ணையும் கையெழுத்தையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். புல எண்ணும் 'அ' பதிவேட்டுப் பக்கமும் இருந்தாலே எந்த வகைப் பிழை என்று சொல்லிவிடலாம்.