புதுப்பிப்பு: போலீஸ் வண்டி ஹெட்லைட் மாறிமாறி மின்னுவது எப்படி?

இடது, வலது ஹெட்லைட் மாறிமாறி மின்னுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன், விடை கிடைத்துவிட்டது. ஹைபீம் (தூரத்துக்கு அடிக்கும் வெளிச்சம்) வயரின் நடுவே ஒரு ஃப்ளாஷர் பெட்டி உட்கார்ந்து மின்சாரத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். பழைய பெட்டியில் ரிலே (மின்சாரத்தால் அசையும் சுவிட்ச்) டிக் டிக்கென்று அடிக்கும், இப்போது டிரான்சிஸ்டர் (அசையும் பாகமே இல்லாத மின்னணு சுவிட்ச்), சத்தமே இல்லை. ஹாலஜன் பல்பின் இழை சூடாகி ஆறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் ரொம்ப வேகமாக மின்னவிட்டால் முழுதாக அணையாமல் மங்கலாகத் துடிக்கும். எல்இடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அப்புறம் பின்பக்கம், அதுதான் சுவாரசியம்: பிரேக் விளக்கையே மின்னவிடும் வண்டியில், பெடலை மிதித்ததும் மின்னுவது நின்று விளக்கு நிலையாக எரியும்படி இணைப்பு கொடுப்பார்கள், இல்லையென்றால் பின்னால் வருபவருக்கு வண்டி நிற்கிறதா போகிறதா என்றே தெரியாது.