சாவியை இறுக்கிப் பிடித்து நடந்த மூன்று வருடம்

பெருநகரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், ராத்திரி ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுச் சாவியை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டுதான் நடப்பேன். எவனாவது பாய்ந்தால் குத்திவிடலாம் என்ற எண்ணம். அறைக்கு எட்டு நிமிட நடை. கதவைத் திறக்கும்போது உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து சிவந்திருக்கும். மூன்று வருடம் இப்படியே போனது. ஒரு நாள்கூட யாரும் கிட்டே வரவில்லை.

நான் பறிகொடுத்தது காலை பத்து மணிக்கு. நெரிசலான பேருந்தில், சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களே என்ற தைரியத்தில் பையை முதுகில் மாட்டியிருந்தேன். இறங்கிப் பார்த்தால் ஜிப் பாதி திறந்திருக்கிறது, போனைக் காணோம். ஸ்டேஷனில் எனக்கு முன்னால் புகார் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேரும் பட்டப்பகலில் தொலைத்தவர்கள்தான். இருட்டுக்கே பயந்து பயந்து பகலைக் கோட்டை விட்டுவிட்டேன். உங்களுக்கு எப்படி? நடந்ததை எழுதுங்கள்.

பதில்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி, தோழி. "அந்த ஊரில் பெண்பிள்ளை தனியாக இருப்பதா?" என்று வீட்டில் இரண்டு வருடம் என்னை அனுப்பவே இல்லை. அந்த இரண்டு வருடமும் எனக்குக் கெடுதல் செய்தவர், வீட்டுக்குள் உரிமையோடு வந்துபோன சொந்தக்காரர். அவர் வந்தால் கதவைத் திறக்க என்னைத்தான் அனுப்புவார்கள்.

2017-ல் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 87,000 பேர் என்கிறது ஐ.நா. கணக்கு. அதில் ஏறக்குறைய 50,000 பேரைக் கொன்றது துணைவனோ குடும்பத்தாரோதான். இதைப் படித்த அன்று எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

இப்போது பெருநகரத்தில் தனி அறையில் இருக்கிறேன். தெருவில் யாருக்கும் என் பெயர் தெரியாது, நிம்மதியாகத் தூங்குகிறேன். அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூட்டத்தில் உரசுகிறவன்மேல் நம்மில் எத்தனை பேர் புகார் கொடுக்கிறோம்? கொடுக்காதது எந்தக் கணக்கிலும் ஏறாது.

பதில்:

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன், அம்மா. நானும் மகளைப் பெற்றவன். அவள் வேலைக்குப் போன நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவி சொன்னதுதான். ஒரு கத்திக்குத்தின் சிசிடிவி காட்சியை ஒரே நாளில் பதினோரு தடவை போட்டார்கள், எண்ணினேன். நடந்தது ஒன்று. என் மனசில் பதினொன்று நடந்துவிட்டது. நியூயார்க்கில் 1990-ல் 2,245 கொலைகள், 2017-ல் 292. அப்படிக் குறைந்துவந்த காலத்திலும், கருத்துக்கணிப்பில் பெரும்பாலான ஆண்டுகளில் அமெரிக்கர்கள் 'நாட்டில் குற்றம் கூடிவிட்டது' என்றே சொல்லிவந்தார்கள். நானும் அதே ஆள்தான்.

மகளோடு ஒரு மாதம் தங்கினேன். அவள் ராத்திரி தனியாக வரும் தெருவில் நடந்து பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை. பயந்தது காலையில். அவள் தினமும் கடக்கிற சாலையில் சிக்னல் விளக்கு எரியவில்லை, லாரிகள் நிற்காமல் வருகின்றன. 2021-ல் உலகில் கொலையில் போனவர்கள் சுமார் 4.58 லட்சம், சாலையில் போனவர்கள் சுமார் 11.9 லட்சம். தினமும் போனில் "பத்திரமா வந்துட்டியா?" என்று கேட்டவன், அந்தச் சாலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

கிளம்பும் முன் இரண்டு பேருமாகப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தோம். விளக்கு இன்னும் எரியவில்லையாம்.