கடல்ல விழுந்த பாராசூட்: நம்ம போர் தண்ணியில அலசலாமா?

உச்சிப்புளி டெய்லர்:
எல்லாருக்கும் வணக்கம். உச்சிப்புளியில தையல் கடை வச்சிருக்கேன். தார்ப்பாய், போட்டுக்கு மூடுதுணி, கொஞ்ச வருசமா, பெரிய காத்தாடியைப் பிடிச்சுக் கடல்ல பலகையில சறுக்குற கைட் சர்ஃபிங் காரங்களோட காத்தாடியும் தைக்கிறேன். அப்படி வர்ற கஸ்டமர் ஒருத்தர் வெளிநாட்டுல விமானத்துல இருந்து ஸ்கைடைவிங் குதிக்கிறவரு. அரியமான் கடற்கரையில அவரோட பாராசூட்டைத் தரையிலயே நின்னு காத்துல தூக்கிப் பழகியிருக்காரு. கச்சான் காத்து ஒரே தூக்காத் தூக்கிக் கடல்ல தள்ளிருச்சு. இழுத்துக் கரையேத்தும்போது சீமைக்கருவேல முள்ளுல வேற மாட்டியிருக்கு. ஈரத்தோட சாக்குல கட்டி இப்பத்தான் கடையில குடுத்துட்டுப் போனாரு. கழுவித் தைச்சுத் தரணுமாம்.

ரெண்டு கிழிசல். ஒண்ணு சுண்டுவிரல் நுனி அளவு, துணி நடுவுல. இன்னொண்ணு ஒரு சாண் இருக்கும், கயிறு வந்து சேர்ற தையல் வரைக்கும் போயிருக்கு. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. அதுல அலசலாமா? தைக்கலாமா? கேட்டுட்டுத் தொடலாம்னு வச்சிருக்கேன்.

பரமக்குடிக்காரன்:
நைலான் துணிதானே அண்ணே. சோப்புத்தூள்ல ஊறவச்சு மொட்டை மாடியில போடுங்க. நம்ம வெயிலுக்கு அரை மணி நேரத்துல காஞ்சிரும்.

கீழக்கரை ரிக்கர்:
தம்பி பரமக்குடி, கோச்சுக்காதீங்க. சோப்பும் வெயிலும் ரெண்டுமே கூடாது. நான் வளைகுடாவுல கடலோர ட்ராப்ஸோன்ல, அதாவது ஸ்கைடைவிங் குதிக்கிற இடத்துல, பாராசூட் மடிக்கிற பேக்கரா சேர்ந்து, பிறகு எஃப்ஏஏங்கிற அமெரிக்க விமானத் துறையோட பரீட்சை எழுதி சீனியர் ரிக்கர் ஆனவன். பாராசூட்டை மடிச்சு, சோதிச்சு, பழுது பாக்குறவருதான் ரிக்கர். தண்ணியில விழுந்த கேனோபி, அதான் பாராசூட்டோட துணி, எங்களுக்கு அன்றாட வேலை.

டெய்லர் தம்பிக்கு: முதல்ல அந்தச் சாக்கைப் பிரிச்சிராதீங்க, காய விட்ராதீங்க. கடல்தண்ணி காய்ஞ்சா உப்பு இழைக்கு நடுவுல பொடிப்பொடியா உறைஞ்சு நிக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவை மடிக்கும்போதும் விரியும்போதும் உள்ளேயிருந்தே நைலானை அராவும். நல்ல தண்ணி ரெடியாகிற வரைக்கும் ஈரமா இருக்கிறதுதான் நல்லது.

போர் தண்ணி வேண்டவே வேண்டாம். நம்ம பக்கத்து போர்ல அலசினா உப்பை எடுத்துட்டு உப்பையே வைக்கிற கதை. காவிரி கூட்டுக் குடிநீர் வர்ற அன்னைக்குப் பிடிச்சு வைங்க, இல்லன்னா லாரித் தண்ணி வாங்குங்க. பெரிய தொட்டியில முக்கி, கையால மெதுவா அலசி, தண்ணியை மாத்திக்கிட்டே இருங்க. கடைசித் தண்ணியில ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. கரிச்சா இன்னொரு தடவை. தேய்க்காதீங்க, முறுக்கிப் பிழியாதீங்க, வாஷிங் மெஷின் பக்கமே போகாதீங்க. துணி மேல காத்துப் புகாம இருக்க ஒரு பூச்சு இருக்கும். தேய்ச்சா, சோப்புப் போட்டா அது போயிரும், துணி காத்தை விட ஆரம்பிச்சிரும். கேனோபி இறங்குற விதமே மாறிரும்.

தூக்கும்போது ஒரே முனையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. உள்ள அறை அறையா தண்ணி நிக்கும், அந்தக் கனமே தையலை இழுத்துரும். அள்ளி எடுத்து, வடிய விட்டு, நிழல்ல காத்தோட்டமா தொங்கவிடுங்க. வெயிலோட புற ஊதாக் கதிர் நைலானுக்கு விஷம். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சாயம் லேசா வெளுத்த மாதிரிதான் இருக்கும், பலம் போயிருக்கும்.

ஒண்ணு கேக்கணும். முதுகுல மாட்டுற பையும் நனைஞ்சுதா? அவசரத்துக்கு வைக்கிற ரிசர்வ் பாராசூட் உள்ளயே இருந்துதா?

உச்சிப்புளி டெய்லர்:
சலாம் காக்கா, ரொம்ப நன்றி. லாரித் தண்ணிக்குச் சொல்லிட்டேன். எங்கிட்ட இருக்கிறது துணி, கயிறு, அதுக்குக் கீழ ரெண்டு பட்டை மட்டும்தான். பையை மாட்டாம வேற ஒரு வெறும் பெல்ட்ல கோத்துத்தான் பழகினாராம்.

கீழக்கரை ரிக்கர்:
அப்ப நிம்மதி. பை நனைஞ்சிருந்தா ரிசர்வைப் பிரிக்கணும், தானாத் திறந்துவிடுற கருவியையும் பாக்கணும். ரிசர்வ் எங்க கைக்கு மட்டும்தான் வரணும். எஃப்ஏஏ சட்டப்படி 180 நாளைக்கு ஒருதரம் பிரிச்சுப் பாத்து, திரும்ப மடிச்சு, சிவப்பு நூல் கட்டி, அவங்கவங்க முத்திரையோட ஈயம் அடிப்போம். 2008க்கு முன்னாடி அது 120 நாளா இருந்துச்சு.

இப்ப கிழிசலுக்கு வர்றேன். துணியை ஜன்னல் வெளிச்சத்துல பிடிங்க. பொடிப்பொடியா கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துல கெட்டி இழை ஓடுது, கிழிசலை நிறுத்தி வைக்கிறது அதுதான். சின்ன ஓட்டை தையலை விட்டுத் தள்ளி இருக்கிறதால இதே கட்டத் துணியில வர்ற ரிப்ஸ்டாப் ஒட்டு டேப்பை மூலையை வட்டமா வெட்டி ரெண்டு பக்கமும் ஒட்டலாம். உப்பு சுத்தமாப் போய், நல்லாக் காய்ஞ்ச பிறகு ஒட்டுங்க.

பெரிய கிழிசலைத் தொடாதீங்க தம்பி. உங்க கைவேலை மேல சந்தேகப்பட்டுச் சொல்லல. கயிறு சேர்ற தையல்லதான் விரியுற அதிர்ச்சி மொத்தமும் வந்து இறங்கும். அந்தப் பேனலைப் பிரிச்சு, அதே ரகத் துணி போட்டு, பழைய ஊசித் தடம் எப்படியோ அப்படியே திரும்பத் தைக்கணும். அது மாஸ்டர் ரிக்கர் வேலை. மூணு வருச அனுபவமும், ரெண்டு ரகத்துல நூறு நூறு பாராசூட் மடிச்ச கணக்கும் இருந்தாத்தான் அந்தச் சான்றிதழுக்கே போகலாம். எனக்கே அது கிடையாது. எங்க லாஃப்ட்லயும், அதான் பாராசூட் பட்டறையிலயும், இந்த மாதிரி வந்தா மாஸ்டர் மேசைக்குத்தான் போகும். காத்தாடி பிய்ஞ்சா ஆளு தண்ணியில விழுவாரு, நீந்தி வந்துருவாரு. இங்க ஆளு ஆகாயத்துல இருக்காரு.

நீங்க செய்யக்கூடியது இன்னொண்ணு இருக்கு, அதை வாங்குற காசுக்கு மேலயே செய்ங்க. ஒவ்வொரு கயிறையும் மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு உருவுங்க. மணல் இருந்தா நெறநெறன்னு சொல்லும், முள் கீறியிருந்தா பஞ்சு எழும்பியிருக்கும். நடுவுல நாலு மூலையிலும் வளையம் வச்ச சின்னத் துணி ஒண்ணு இருக்கும், அதுக்கு ஸ்லைடர்னு பேரு. அந்த வளையத்தோட உள்விளிம்பை நகத்தால தடவுங்க. சின்னப் பிசிறு இருந்தாலும் அடுத்த குதிப்புல கயிறை அறுக்கும். கயிறு ஸ்பெக்ட்ராங்கிற செயற்கை இழையா இருந்தா, வளையம் உரசுற சூட்டுல அது சுருங்கும். கையால இழுத்துத் திருப்புற பிரேக் கயிறு ரெண்டும்தான் முதல்ல சுருங்கும். இடதையும் வலதையும் சேத்து வச்சு நீளம் பாருங்க. வித்தியாசம் இருந்தா ஒரு தாள்ல எழுதி கேனோபியோடயே அனுப்புங்க. எழுதி வர்ற தாளை ரிக்கர் மதிப்பாரு.

ராமநாதபுரம் எக்ஸ் ஏர்ஃபோர்ஸ்:
ரிக்கர் பாய் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆக்ராவுல இருந்தப்ப பாராசூட் மடிப்புக் கூடத்துல பாத்திருக்கேன், மேசை மேல தூசி இருந்தாலே வேலையை நிறுத்திருவாங்க. உங்க கடையில எலித் தொல்லை இருந்தா துணியைத் தரையில வைக்காதீங்க. கருவாடு காயப்போடுற பக்கமும் வேண்டாம்.

உச்சிப்புளி டெய்லர்:
காக்கா, சின்ன ஓட்டை மட்டும் ஒட்டித் தர்றேன், பெருசுக்கு அவரையே மாஸ்டர்கிட்ட அனுப்புறேன்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டாரு. இந்த வேலையை முறையாப் படிக்க நம்ம பக்கம் வழி இருக்கா? பருந்து கடற்படை தளம் எங்க ஊர்லதான் இருக்கு, தினம் தலைக்கு மேல விமானம் போகுது. எங்க கேக்கணும்னு தெரியல.

கீழக்கரை ரிக்கர்:
தளத்துல வெளியாளுக்குக் கத்துத் தரமாட்டாங்க. நம்ம நாட்டுல பாராசூட் தைக்கிறதுக்குப் பேர் போனது கான்பூர் தொழிற்சாலை, 1941ல இருந்து இருக்கு. 2021ல அது கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட்னு தனிக் கம்பெனி ஆச்சு. அவங்க ஆள் எடுக்கிற அறிவிப்பைப் பாத்துக்கிட்டே இருங்க. விளையாட்டுப் பக்கம் வரணும்னா பேக்கராத்தான் நுழையணும். ஒரு மடிப்புக்கு இவ்வளவுன்னு கூலி. மடிச்சு மடிச்சுக் கை பழகுன பிறகு ரிக்கர் பரீட்சை. எழுத்து, வாய்மொழி, செய்முறை மூணும் உண்டு, இங்கிலீஷ் படிக்க எழுதத் தெரியணும். உங்களுக்கு மெஷின் கை ஏற்கெனவே இருக்கு, எங்கள்ல பாதிப்பேருக்கு அதுதான் கடைசியா வரும்.

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வர்றேன். பழைய கேனோபி ஒண்ணு என்கிட்ட இருக்கு, குதிக்க லாயக்கில்லாதது. கொண்டுவர்றேன், பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுப் பழகுங்க. கடை எங்கேன்னு மட்டும் தனிச் செய்தியில சொல்லுங்க.