யான் நாட்டு வெண்கலக் கதவுப் பூண்: பின்புறப் படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. சீனாவின் ஹெபெய் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உதவுங்கள்.

பண்டைய சீனாவில் இருந்த யான் (Yan) என்ற நாட்டின் தலைநகரில் 1966இல் கிடைத்த, கதவில் வளையத்தைத் தாங்கும் விலங்குமுக வெண்கலப் பூணை அளவு மாறாமல் வரைந்துகொண்டிருக்கிறேன். நீளம் மட்டும் 74.5 செ.மீ.! சாதாரணக் கதவுக்கு இது பொருந்தாது, அரண்மனைக் கதவுதான் என்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

முன்பக்கம் அற்புதம். உருண்டு பிதுங்கிய கண்கள், அவற்றுக்கு மேலே பாம்புகளோடு நிற்கும் பறவை. கீழே வளையத்திலும் இருபுறம் டிராகன்கள் ஏறுகின்றன. அதற்கும் முந்திய சாங் (Shang) அரசமரபுக் காலத்து வெண்கலப் பாத்திரங்களில் வரும் ‘தாவ்தியே’ என்ற விலங்குமுக அலங்காரத்தின் வழிவந்தது என்பது பார்த்தாலே தெரியும்.

ஆனால் இணையத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் நேர்முகப் படங்கள்தான். பின்னால் கதவு மரத்தில் இறங்கும் முளை எப்படி இருக்கிறது, வளையம் எங்கே கோத்திருக்கிறது என்று தெரியாமல் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைய முடியவில்லை.

பக்கவாட்டில் எடுத்த படமோ, அகழாய்வு அறிக்கையின் கோட்டோவியமோ இருந்தால் பகிருங்கள். மங்கலான கைப்பேசிப் படமானாலும் போதும். அப்புறம், சீனமொழி அறிக்கை படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.